சுருக்க முடியாத கண்கள்

ரோமில் திபேர் ஆற்றின் மேற்குக் கரையில் திராஸ்தேவெரே என்றொரு பழைய பேட்டை இருக்கிறது. கருங்கல் பாவிய சந்துகள். எதிரில் ஒரு சரக்கு வண்டி வந்தால் நாம் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டியதுதான். அந்தச் சந்துகளில் சுற்றுலாப் பயணிகளைப் பழைய ஃபியட் 500 கார்களில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். வெளிர் நீலம், சந்தன மஞ்சள், தக்காளிச் சிவப்பு என்று வரிசையாகப் போகும். துணிக் கூரையைப் பின்னால் சுருட்டிவிட்டு, பயணிகள் எழுந்து நின்று தலையை வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காற்று வாங்குவதற்கென்றே யாரோ ஒரு ரசிகன் செய்த கார் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும்.

ஆனால் அந்தக் கூரை சிக்கனத்தில் பிறந்தது. 1957இல் இரும்புத் தகடு விலை கூடிய சரக்கு. கூரை முழுவதையும் துணியாக்கினால் பல கிலோ தகடு மிச்சம். இன்னொரு காரணம் இரைச்சல். பின்னால் இருப்பது 2 சிலிண்டர் இன்ஜின். அது எழுப்புவது தாழ்ந்த சுருதியில் ஒரு குமுறல். மூடிய சிறு இரும்புப் பெட்டிக்குள் அந்தக் குமுறல் போனால், தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உலுக்கிய கதைதான். தகட்டுக் கூரை மேளத்தோல் மாதிரி கூடவே அதிரும். துணி அதிராது, ஒலியையும் வெளியே விட்டுவிடும். அதனால்தான் முதல் வண்டிகளில் துணி கூரையோடு நிற்காமல் பின் கண்ணாடி வரைக்கும் இறங்கி, அந்தக் கண்ணாடியே பிளாஸ்டிக்காக இருந்தது.

இப்படித்தான் ஐரோப்பாவின் பழைய குட்டிக் கார்கள் எதை எடுத்தாலும். நாம் கொஞ்சிக் கொண்டாடுகிற அம்சத்தைத் தொட்டுப் பார்த்தால், அடியில் ஒரு தட்டுப்பாடோ வரிக் கணக்கோ பௌதிகமோ தட்டுப்படும்.

ஃபியட் 500ஐ வடிவமைத்தவர் தாந்தே ஜியாகோஸா. தூரின் நகரத்து இன்ஜினியர். போருக்குப் பிந்தைய இத்தாலி 1946இல் வந்த வெஸ்பா ஸ்கூட்டரில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை நிற்க, நடுவில் இன்னொன்று, பின்னால் அம்மா. நமக்கு விளக்கத் தேவையில்லாத காட்சி. அந்தக் குடும்பத்தை மழை படாமல் ஏற்றிச் செல்ல வேண்டும், விலையும் எட்டாத உயரத்தில் இருக்கக்கூடாது. 1957 ஜூலை 4 அன்று வெளிவந்த காரின் நீளம் 2.97 மீட்டர். இன்ஜின் 479 சிசி. திறன் 13 குதிரை. இன்று நம் தெருவில் போகும் 350 சிசி புல்லட்டே 20 குதிரை தருகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு அந்த வண்டி மணிக்கு 85 கிலோமீட்டர் ஓடியது.

எப்படி என்றால், எடை. வெறும் வண்டி சுமார் 500 கிலோதான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடி போனால் ஓரடி ஏறுகிற மேடு. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 13 குதிரையில் சக்கரத்துக்கு வந்து சேர்வது கியர் உரசல் இழப்பெல்லாம் கழித்து 8 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 630 கிலோவை அந்த மேட்டில் இழுக்க அது போதும். மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஏறும். அதே இன்ஜினை 1,200 கிலோ கொண்ட இன்றைய காரில் மாட்டினால் 20ஐத் தாண்டுவதற்கே மூச்சு வாங்கும். எடை குறைந்தால் இன்ஜின் சின்னதாக இருக்கலாம். இன்ஜின் சின்னதானால் அதைத் தாங்கும் சட்டம், பிரேக், டயர் எல்லாம் இளைக்கலாம். அவை இளைத்தால் எடை இன்னும் குறையும். கடன் வட்டி போலவே சேமிப்புக்கும் வட்டி உண்டு. ஜியாகோஸா அந்த வட்டியில் வாழ்ந்தவர்.

காற்றில் குளிரும் இன்ஜினை அவர் தேர்ந்ததும் அதே கணக்குதான். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, அதற்கான குழாய்கள் இல்லை. இன்ஜினைப் பின்னால் வைத்ததால் வண்டியின் நடுவே ஓடும் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை. அந்தச் சூட்டுக் காற்றையே தரைக்குழல் வழியாக முன்னால் திருப்பிவிட்டால் குளிர்காலத்துக்கு ஹீட்டர் ஆயிற்று.

எடை குறைக்கத் தகட்டை மெலிதாக்க வேண்டும். மெலிந்த தகடு தொய்யும். அங்கேதான் அந்த உருண்டை வடிவம் வருகிறது. பேருந்தில் நின்றுகொண்டே ஒற்றைக் கையில் செய்தித்தாள் படிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? தாள் தலைசாய்ந்து விழாமலிருக்க நடுவில் லேசாகக் குழிவாக வளைத்துப் பிடித்திருப்பார். தாளின் தடிமன் கூடவில்லை, வளைவு மட்டும்தான் கூடியது. வளைந்த பரப்பு இன்னொரு திசையில் வளைய வேண்டுமென்றால் தாள் எங்காவது நீள வேண்டும், எங்காவது சுருங்க வேண்டும். மடங்குவது சுலபம், இழுபடுவது கடினம். அதனால் விறைத்து நிற்கிறது. முட்டை ஓடு அவ்வளவு மெலிதாக இருந்தும் தாங்குவது இதனால்தான். ஃபியட் 500இன் கதவு, பானெட், பின்மூடி எதிலும் தட்டையான இடம் என்று உள்ளங்கை அளவுகூடத் தேட வேண்டும். டிங்கர் வேலை பார்ப்பவரைக் கேட்டால் சொல்வார்: பழைய வண்டியில் உருண்டை இடம் அமுங்காது, தட்டை இடம்தான் தகர மூடி மாதிரி டொக்கென்று உள்ளே போகும்.

அந்தத் திராஸ்தேவெரே பேட்டையில் ஒருவர் தன் வண்டியைக் கிளப்புவதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்க வாய்த்தது. முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. டாஷ்போர்டு என்பது பெரிய வார்த்தை. ஒரே ஒரு வட்ட மீட்டர், சில சுவிட்சுகள், மற்றபடி பெயின்ட் அடித்த வெறும் தகடு. சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு கியர் தண்டுக்குப் பின்னால், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தரையில் முளைத்திருந்த இரண்டு சின்ன நெம்புகோல்களைத் தொட்டார். ஒன்று சோக். மற்றது செல்ஃப். அதை மேலே இழுத்ததும் முதுகுக்குப் பின்னால் துடுதுடுவென்று ஒரு பெரிய தையல் மெஷின் விழித்துக்கொண்டது. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வருகிற அமைப்பு. அதனால் வெடிப்புகள் சீரான இடைவெளியில் விழும், ஆனால் மேலும் கீழும் உதறும். வண்டி நின்றிருக்கும்போது பின்பக்கம் நாய் வாலாட்டுவது போல ஆடியது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய இடது காலை. ஒவ்வொரு கியருக்கும் அது கிளட்சை இரண்டு தடவை மிதித்தது. நம்மூர் பழைய லாரி டிரைவர்களுக்கு டபுள் கிளட்ச் என்றால் தெரியும். கியர்ப்பெட்டிக்குள் வேறுவேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பற்சக்கர அமைப்புகளைக் கோக்க வேண்டும். இன்றைய கார்களில் அவற்றை உரசவிட்டு ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் கூம்பு வளையங்கள் உண்டு. ஃபியட் 500இல் அதுவும் கிடையாது, செலவு மிச்சம். ஆகவே ஓட்டுபவர் நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, கீழ் கியருக்கு இறங்குகிறார் என்றால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கோக்கிறார். தவறினால் பற்கள் கத்தும். மணிக்கு 30இல் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு 60 போலிருந்தது. கண் சாலையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. தாழ உட்காரும்போது கண்ணுக்குப் பக்கத்துத் தரை வேகமாக ஓடுகிறது, மூளை வேகத்தைக் கணிப்பது பெரும்பாலும் அந்த ஓட்டத்தை வைத்துத்தான். அதிர்வும் சத்தமும் மீதியைச் சேர்த்துவிடுகின்றன. சட்டத்துக்கு உட்பட்டே பந்தய ஓட்டக்காரன் மாதிரி உணரலாம். இன்றைய பெரிய கார்களில் காசு கொடுத்து வாங்க முடியாத சுகம் இது என்பது என் கட்சி.

இரண்டு சிலிண்டர், பின் இன்ஜின், 3.1 மீட்டர் நீளம் என்று 2009இல் நம் சாலைக்கும் ஒன்று வந்தது. நானோ. கிட்டத்தட்ட அதே சூத்திரம். ஆனால் உலகிலேயே மலிவான கார் என்று சொல்லி விற்றார்கள். தன் வீட்டு வாசலில் தன் ஏழ்மையை நிறுத்திவைக்க யாருக்குப் பிரியம்? மலிவு என்ற சொல்லைச் சொல்லாமலே மலிவாக இருக்கத் தெரிந்திருந்தது இத்தாலியனுக்கு.

ஜெர்மனியில் கதை லைசென்சிலிருந்து தொடங்குகிறது. அங்கே அன்று 250 சிசிக்கு உட்பட்ட வண்டி ஓட்டச் சின்ன லைசென்ஸ் போதுமானதாக இருந்தது. 1955இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட இசெட்டாவுக்கு மோட்டார் சைக்கிளில் வந்த 247 சிசி ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின். அதன் மூலவடிவம் மிலான் பக்கத்து இசோ என்ற கம்பெனியுடையது. அவர்கள் குளிர்பெட்டியும் செய்து விற்றவர்கள், அது வண்டியைப் பார்த்தாலே தெரியும். பக்கத்தில் கதவே இல்லை. முன்முகம் முழுக்க ஒரே கதவு, ஃபிரிட்ஜைத் திறப்பது மாதிரி திறந்தால் ஸ்டீயரிங்கும் அதோடு சேர்ந்து விலகும். 2.28 மீட்டர் நீளம்தான் என்பதால் நடைபாதையைப் பார்த்துக் குறுக்கே நிறுத்தலாம், இறங்கும்போதே நடைபாதையில் கால் வைக்கலாம். முன்னால் இடித்துக் கதவு சிக்கிக்கொண்டால்? துணிக் கூரை வழியாக ஏறி வெளியே வர வேண்டியதுதான்.

விமானம் செய்த மெஸ்ஸர்ஷ்மிட் தொழிற்சாலையில் உருவான கேஆர் 200 இன்னும் வேடிக்கை. ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும், மேலே போர்விமானம் மாதிரி கண்ணாடிக் கூண்டு. ரிவர்ஸ் கியர் கிடையாது. இரண்டு வீச்சு இன்ஜினுக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான், வால்வு என்று எதுவும் இல்லை. ஆகவே இன்ஜினை நிறுத்தி எதிர்த்திசையில் கிளப்பினால் வண்டி பின்னால் போகும். பின்னால் போக நாலு கியர்!

இத்தனையிலும் என் மனம் நிற்பது பிரான்சின் சித்ரோவென் 2சிவியிடம். பெயரே வரிக் கணக்கு: வரிக்காக அரசாங்கம் போட்ட வகைப்பாட்டில் இரண்டு குதிரை. 1930களில் கம்பெனித் துணைத் தலைவர் பியேர் பூலான்ஜே இன்ஜினியர்களுக்குக் கொடுத்த கட்டளை புகழ்பெற்றது. இரண்டு விவசாயிகள், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல். கூடையில் முட்டையோடு உழுத வயலைக் கடந்தால் ஒன்றும் உடையக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். தொப்பி போட்டபடியே உட்கார முடிய வேண்டும். போர் வந்ததும் மாதிரி வண்டிகளை ஜெர்மானியர் கையில் சிக்காமல் ஒளித்துவைத்தார்கள். அவற்றில் 3 வண்டிகள் 1994இல் ஒரு களஞ்சியப் பரணில் கிடைத்தன. கடைசியில் 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் திரை விலக்கினார்கள். 375 சிசி, 9 குதிரை. பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள்.

இங்கேயும் மெலிந்த தகடுதான், ஆனால் வேறு உபாயம். பானெட்டை வரிவரியாக நெளித்துவிட்டார்கள். பனையோலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை தானாகவே விசிறி மடிப்பாக விரிகிறது. அந்த மடிப்புகள் இல்லாவிட்டால் அவ்வளவு அகலமான இலை காற்றில் தொங்கிப்போகும். மடிப்பு உள்ள பரப்பு மடிப்பின் நீளவாக்கில் வளைய மறுக்கும். கூரைத் தகரமும் அதே சூத்திரம். 1960 வரை 2சிவியின் மூக்கில் இருந்த அந்த நெளிவரிகள் இன்று பொம்மைக் கடைகளில் அழகு.

முட்டை உடையாமல் போகிற வித்தை சக்கரங்களில் இருக்கிறது. ஒரு பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் தனித்தனிக் கைகளில் மாட்டியிருக்கும். இரண்டு கைகளும் வண்டித் தரைக்கு அடியில் படுத்திருக்கும் ஒரே குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளை இழுக்கும். குழாயும் கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும். முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறியதும் அது குழாயைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பு பின்சக்கரத்தைத் தரையை நோக்கி அழுத்துகிறது. விளைவு, முன்புறம் மட்டும் தூக்கிக்கொண்டு தலையாட்டாமல் வண்டி மொத்தமாகச் சற்றே உயர்ந்து தாழும். நீளம் குறைந்த வண்டிக்குத் தலையாட்டம்தான் தீராத நோய். மாட்டுவண்டியில் பாரம் சரியில்லாமல் ஏற்றிப் போனவருக்கு அது இடுப்பில் தெரியும்.

அதுகூடப் போதவில்லை. சக்கரம் தரையைவிட்டுத் துள்ளுவதை அடக்க ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஓர் உருளை வைத்தார்கள். உள்ளே ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு கனமான இரும்பு, சுற்றிலும் எண்ணெய். சக்கரம் மேலே துள்ளினால் உள்ளிருக்கும் இரும்பு பின்தங்கி எதிர்த்திசையில் இழுக்கும். தைவானின் தைபே 101 கோபுரத்தில் காற்றுக்கு ஆடாமலிருக்க 660 டன் உருண்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்களே, அதே தத்துவம், உருளைக்கிழங்கு வண்டியில், அரை நூற்றாண்டுக்கு முன்பே. வைப்பருக்குத் தனி மோட்டார் கிடையாது. ஸ்பீடோமீட்டர் கேபிளிலிருந்தே சுழலும். வண்டி மெதுவாகப் போனால் வைப்பரும் சோம்பும், நின்றால் கையால் திருப்பிக்கொள்ள வேண்டும். மூட்டை ஏற்றினால் பின்புறம் தாழ்ந்து விளக்கு வானத்தைப் பார்க்கும், அதைச் சரிசெய்ய உள்ளேயே ஒரு திருகு. இந்த வண்டி போர்த்துகலில் 1990 ஜூலை வரை தயாரானது. சிரித்தவர்களில் பலர் அதற்குள் ஓய்வுபெற்றிருப்பார்கள்.

இங்கிலாந்தின் மினிக்குக் காரணம் சூயஸ். 1956இல் கால்வாய் மூடி பெட்ரோல் ரேஷனுக்கு வந்தது. இசெட்டா போன்ற ஜெர்மானியக் குமிழ்க் கார்கள் லண்டனில் ஓட ஆரம்பித்தன. அவற்றைத் தெருவை விட்டு விரட்ட ஓர் ஒழுங்கான குட்டிக் கார் வேண்டும் என்று பிஎம்சி கம்பெனித் தலைவர் கேட்டார். ஸ்மிர்னா நகரில் பிறந்த கிரேக்க வம்சத்தவரான அலெக் இசிகோனிஸ் செய்து கொடுத்தார். நீளம் 10 அடி. அதில் எண்பது சதவீதம் மனிதருக்கும் மூட்டைக்கும். இன்ஜினை நீளவாக்கில் வைக்காமல் குறுக்கே திருப்பி, கியர்ப்பெட்டியை அதன் வயிற்றுக்கு அடியிலேயே, அதே எண்ணெயில் குளிக்கும்படி வைத்தார். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இன்ஜின் குறுக்கேதான் படுத்திருக்கும்.

சின்னக் காருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 600 கிலோ வண்டியில் நாலு பேர் ஏறினால் எடை ஏறத்தாழ பாதியளவு கூடிவிடும். பெரிய காருக்கு நாலு பேர் பொருட்டில்லை. தனியாகப் போகும்போது மென்மையாக இருக்கும் ஸ்பிரிங், குடும்பம் ஏறியதும் தரை தட்டும். அலெக்ஸ் மோல்டன் என்ற நண்பர் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கூம்பு செய்து தந்தார். ரப்பரை அமுக்க அமுக்க இறுக்கம் கூடும். முதல் அங்குலத்துக்கு இளகும், அடுத்த அங்குலத்துக்கு முறைக்கும்.

எல்லாம் சரியாகத் திட்டமிட்ட இசிகோனிஸ் மழையை மறந்தார். மாதிரி வண்டியில் கார்புரேட்டர் முன்பக்கம் இருந்ததால் குளிர்காற்றில் உறைந்தது. இன்ஜினை அப்படியே திருப்பிப்போட்டார்கள். கார்புரேட்டர் பின்னால் போய்ப் பிழைத்தது, டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் வந்து கிரில்லுக்கு நேரே நின்றது. இங்கிலாந்து மழையில் போனால் நனைந்து வண்டி நின்றுவிடும். ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு பிளக் வயரை நுழைத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டிவிட்டவர்கள் உண்டு. அந்த வண்டிதான் 1964, 65, 67 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது.

இனி அந்த முகங்கள். ஆஸ்திரிய விலங்கியலாளர் கோன்ராட் லோரென்ஸ் 1943இல் சொன்னது: பெரிய தலை, பெரிய கண், உருண்டை உடம்பு, குட்டைக் கைகால் என்ற சேர்க்கையைக் கண்டதும் நமக்குள் பரிவு சுரக்கிறது. குழந்தையைக் காக்க இயற்கை வைத்த பொறி. நாய்க்குட்டிக்கும் பொம்மைக்கும் அதே பொறியில்தான் விழுகிறோம். வியன்னா ஆய்வாளர்கள் 2008இல் கார்களின் முன்முகங்களைக் காட்டிக் குணம் கேட்டார்கள். எது முதிர்ந்த முகம், எது குழந்தை முகம், எது கோபக்காரன் என்பதில் பலரும் ஒத்த பதில் சொன்னார்கள். பிறகு எத்தியோப்பியர்களிடம் கேட்டபோதும் பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின.

சரி, இந்தக் குட்டிக் கார்களுக்கு யார் குழந்தை முகம் வைத்தது? யாரும் வைக்கவில்லை என்றே நினைக்கிறேன். காரை மொத்தமாகச் சுருக்கும்போது எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. உள்ளே உட்காரும் மனிதனைச் சுருக்க முடியாது. ஆகவே மூக்கும் டிக்கியும் தேய்ந்து, கூண்டு மட்டும் அப்படியே நிற்கும். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை கிடைத்துவிட்டது. விளக்கையும் அவ்வளவாகச் சுருக்க முடியாது. பல்பின் ஒளியைக் கற்றையாக்கி அனுப்புவது பரவளையக் குழிக் கண்ணாடி. பரவளையத்தைச் சுழற்றினால் கிடைக்கும் கிண்ணத்தின் வாய் வட்டமாகத்தான் இருக்கும், அது மிகச் சிறிதானால் சாலையில் வெளிச்சம் விழாது. சாலை இருட்டு சின்னக் கார், பெரிய கார் பார்ப்பதில்லையே. சின்ன முகத்தில் பெரிய வட்டக் கண் வந்தது அப்படித்தான்.

மனிதக் குழந்தையின் கதையும் இதுவே. பிறக்கும்போது எடை சுமார் 3 கிலோ. வளர்ந்தால் 60, இருபது மடங்கு. கண்விழியோ பிறக்கும்போதே சுமார் 17 மில்லிமீட்டர், வளர்ந்தபின் 24. குறுக்களவில் ஒன்றரை மடங்குகூட இல்லை, கன அளவில் பார்த்தாலும் மூன்று மடங்குக்குள்தான். ஒளியியலுக்குத் தேவையான அளவு தேவையானதுதான், அதற்குக் கீழே போனால் உருவம் கூர்மையாக விழாது. எதைச் சுருக்க முடியவில்லையோ அதைப் பார்த்துத்தான் நாம் உருகுகிறோம். இன்று எல்இடி வந்தபின் வட்டக் கிண்ணம் தேவையில்லை. விளக்கு கீறலாக இழுபட்டு, புருவம் நெரித்த முகங்களாகத் தெருவில் நிற்கின்றன.

கொஞ்சியது போதும், கொஞ்சம் பயப்படவும் வேண்டும். 500 கிலோ காரும் 1,500 கிலோ காரும் ஆளுக்கு மணிக்கு 50 கிலோமீட்டரில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் பெரிய காரின் திசையில் 25இல் போகும். பெரிய காரில் இருப்பவருக்கு வேக மாற்றம் 25. சின்னதில் இருப்பவருக்கு 75. உந்தம் மாறாது என்ற பள்ளிப்பாடம் இங்கே மூன்று மடங்கு அடியாக வந்து விழுகிறது. அதுவும் ஃபியட் 500இல் பெட்ரோல் டேங்க் முன்னால், காலுக்கு மேலே. இசெட்டாவில் முழங்காலுக்கு முன்னால் இருப்பது அந்த ஃபிரிட்ஜ் கதவு மட்டுமே. மோதலில் கசங்கி ஆற்றலை விழுங்க ஒரு மூக்கு வேண்டும், அதற்கு நீளம் வேண்டும், கதவுக்குள் விட்டம் வேண்டும், காற்றுப்பை வேண்டும். பழைய சேமிப்பு வட்டி இப்போது கடன் வட்டியாகத் திரும்பி ஓடுகிறது. சரியாக 50 ஆண்டு கழித்து, 2007 ஜூலை 4 அன்று வந்த புதிய ஃபியட் 500 நீளம் 3.55 மீட்டர், எடை சுமார் 900 கிலோ. அதே முகம், உடம்பு மட்டும் வேறு ஆள். இந்த ஏற்றத்தில் எவ்வளவு பாதுகாப்பு, எவ்வளவு வெறும் பகட்டு என்பது தனிப் பஞ்சாயத்து.

வேகத்தை விட்டுக்கொடுத்தால் மட்டும் பழைய கணக்கு இன்றும் பலிக்கிறது. 2020இல் வந்த சித்ரோவென் ஆமி மின்வண்டி 2.41 மீட்டர் நீளம், மணிக்கு 45க்கு மேல் ஓடாது. அதன் இடது கதவும் வலது கதவும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே ஒன்று முன்பக்கக் கீலில் திறக்கும், மற்றது பின்பக்கக் கீலில். பார்ப்பவர் குறும்பு என்கிறார்கள். அச்சுக்கூலி மிச்சம்.

ஜியாகோஸாவும் இசிகோனிஸும் நமக்கு அந்நியர் அல்லர். சித்தப்பா சென்னையில் வைத்திருந்த, ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் கொண்ட ஃபியட் 1100 ஜியாகோஸா கைவேலை. அதுவே பின்னால் பிரீமியர் பத்மினி ஆயிற்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தலைமுறைகளாக ஓடும் மோரிஸ் மைனர் இசிகோனிஸுடையது. மைனரின் பானெட்டைப் பார்த்தால் நடுவில் நீளவாக்கில் ஒரு தட்டைப் பட்டை தெரியும். மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அதை நடுவில் அறுத்து, இரு பாதிகளையும் விலக்கிவைத்துக் கண்ணால் பார்த்தே அகலத்தை முடிவு செய்தாராம். 4 அங்குலம். அந்த விலகலுக்குப் போட்ட ஒட்டுதான் பட்டை.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் மறைந்துபோனபோது மைனர்களும் பழைய ஆஸ்டின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் அழுத்த விகிதம் 7க்கு 1 என்ற அளவில்தான். காற்று எரிபொருள் கலவையை அதிகம் நெருக்காத இன்ஜின். 10க்கு மேல் நெருக்கும் இன்றைய இன்ஜினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் தீப்பொறியின் சுடர் பரவி எட்டுமுன்னே கண்டபடி வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். பழைய வண்டி பொறுத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெட்ரோலில் கொஞ்சம் கார்புரேட்டரில் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வண்டி வெள்ளைப் புகை கக்கியபடி கிளம்பிப் போகும். அது போன பிறகும் வெகுநேரம் தெருவில் அடுப்படி வாசனை நிற்கும்.